மதுரையிலிருந்து பைக்கில் நான்கு நாள் கடற்கரைச் சுற்று: 12,000 ரூபாயில் முடியுமா?

கேட்டவர் மதுரையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. 125 சிசி பைக், கையில் 12,000 ரூபாய், 4 நாள் லீவு. ஒரே ஊரில் உட்கார்ந்துவிடாமல் நாலைந்து கடலோர ஊர்களை மனைவியோடு சுற்றிப் பார்க்க வேண்டுமாம். கோவாவா, பாண்டிச்சேரியா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம் தம்பி. கோவா ஒரு பக்கம் மட்டுமே 900 கிலோமீட்டருக்கு மேல். பாண்டிச்சேரி 330 கிலோமீட்டர் பக்கம் வரும். போக ஒரு நாள், வர ஒரு நாள், முதுகு வலிக்கு ஒரு நாள் என்று கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? நம் ஊரிலிருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர், தூத்துக்குடி 140, கன்னியாகுமரி 245. இந்த மூன்றையும் கடலோரமாகவே கோத்து ஒரு சுற்று வந்தால், உள்ளூர் அலைச்சலையும் சேர்த்து 900 கிலோமீட்டரில் வீடு திரும்பிவிடலாம். நானும் என் வீட்டம்மாவும் இதை மூன்று முறை செய்திருக்கிறோம், இரண்டு முறை பைக்கில், ஒரு முறை காரில். பைக்கில் போனதில் கடல் ஞாபகம் இருக்கிறது. காரில் போனதில் டோல்கேட்தான் ஞாபகம் இருக்கிறது.

12,000 போதும். ஆனால் ஒரு நிபந்தனை. மேப்பைத் திறக்கும் முன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். இந்தக் கடற்கரையில் செலவைத் தீர்மானிப்பது பெட்ரோல் இல்லை, பஞ்சாங்கம்தான். இங்கே பாதி ஊர்கள் கோயில் ஊர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் நிரம்பிவிடும். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், இப்போதெல்லாம் பௌர்ணமி இரவுக்கும்கூட, திருச்செந்தூரில் கால் வைக்க இடமிருக்காது. நவராத்திரி என்றால் குலசேகரன்பட்டினம் தசரா. கார்த்திகை பிறந்தால் தை வரை கன்னியாகுமரியில் சபரிமலைக் கூட்டம். எங்கள் முதல் பயணத்தில் இதையெல்லாம் யோசிக்காமல் தை அமாவாசைக்கு முந்தைய நாள் சாயங்காலம் ராமேஸ்வரத்தில் போய் இறங்கினோம். போன மாதம் நண்பர் 900 ரூபாய் கொடுத்துத் தங்கிய அதே லாட்ஜில் எங்களிடம் 3,000 கேட்டார்கள். பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்றவர் பணத்தை எண்ணி வைத்துவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு 55 கிலோமீட்டர் திரும்பி ராமநாதபுரம் வந்து படுத்தோம். அவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அது 3,000 ரூபாயைவிடக் கனமான செலவு.

அதனால் செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள். செவ்வாய் ராமேஸ்வரம், புதன் தூத்துக்குடி, வியாழன் திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி, வெள்ளி இரவு வீடு. முருகனுக்கு உகந்த செவ்வாயும் வார இறுதியும் திருச்செந்தூரில் மாட்டாது.

மாதம் என்று கேட்டால் தை பாதி தாண்டி பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை; பைக்குக்கு ஆகாது. ஆனி, ஆடியில் மழை குறைவு, ஆனால் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று போட்டு அடிக்கும். அந்த மாதங்களில்தான் முடியும் என்றால் சுற்றைத் தலைகீழாகப் போடுங்கள்: முதலில் கன்னியாகுமரி, கடைசியில் ராமேஸ்வரம். காற்று முகத்தில் அறையாமல் முதுகைத் தள்ளும், பெட்ரோலும் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், அந்த 61 நாளில் மீன் சாப்பாட்டின் விலையே வேறு.

சரி, பயணத்துக்கு வருவோம்.

செவ்வாய் விடிகாலை ஐந்து மணிக்கு விரகனூர் ரிங்ரோட்டைத் தாண்டிவிட்டால் மானாமதுரை, பரமக்குடி வரை நல்ல சாலை. பரமக்குடியில் இட்லி. வெயில் ஏறும் முன் பாம்பன். சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். எல்லோரும் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பாலம் தொடங்கும் முன்பே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கீழே ரயில் பாலம் தெரியும். 1914-இல் போட்ட பழைய பாலத்தில், ரயில் ஓடிய காலத்தில், நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து கைபோல மேலே தூக்கியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே ஏறும்.

ராமேஸ்வரத்தில் அறையில் பையைப் போட்டதும் கோயிலுக்கு ஓடாதீர்கள். முதலில் தனுஷ்கோடி. சாயங்காலமானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தாமதமாகப் போனால் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான். ஊரிலிருந்து அரிச்சல்முனை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடைசி 9.5 கிலோமீட்டர் சாலை 2017-இல் திறந்தது. அதற்கு முன் மணலில் வேன் பிடித்துப் போவோம், வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தொண்டைக்கு வரும். இப்போது தார்ச்சாலை, இரண்டு பக்கமும் கடல். இடது கை பக்கம் குளம்போல அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், வலது கை பக்கம் அலை அடிப்பதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். முதலாவது பாக் நீரிணை, இரண்டாவது மன்னார் வளைகுடா. சாலையில் மணல் படர்ந்து கிடக்கும் இடங்களில் பிரேக்கைச் சட்டென்று அழுத்த வேண்டாம், பைக் வழுக்கும். முனையில் குளிக்கவும் வேண்டாம், நீரோட்டம் மோசம்.

திரும்பும்போது இடிந்த சர்ச் அருகே நிறுத்துங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. சர்ச் சுவரைக் கிட்டே போய்த் தொட்டுப் பாருங்கள். செங்கல் இல்லை, பவளப்பாறைத் துண்டுகள். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, சில இடங்களில் பூவின் இதழ் மாதிரி வரி தெரியும். கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடலே அரித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் சங்கு மாலை விற்பவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு பாட்டியிடம் 20 ரூபாய்க்கு ஏதாவது வாங்கிவிட்டால் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், இது என் அனுபவம்.

கோயிலுக்கு மாலை போதும். 22 தீர்த்தம் ஆட வேண்டுமென்றால் மறுநாள் காலை, மாற்றுத் துணியோடு. நனைந்த துணியோடு சாமி பார்க்க விட மாட்டார்கள். தீர்த்தம் ஆடாவிட்டாலும் மூன்றாம் பிரகாரத்தை ஒரு சுற்று நடந்துவிடுங்கள். சேதுபதிகள் காலத்து வேலை, 1,200-க்கு மேல் தூண்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு மூலையில் நின்று பார்த்தால் மறு மூலையில் வருகிற ஆள் விரல் அளவு தெரிவார். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் வழியிலேயே இருக்கிறது, அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

புதன்கிழமைதான் இந்தப் பயணத்தின் மறைந்திருக்கும் சொத்து. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பெரும்பாலானவர்கள் மதுரைப் பக்கம் திரும்பிச் சுற்றிப் போவார்கள், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், குளத்தூர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். சுமார் 120 கிலோமீட்டர். லாரி குறைவு, டீக்கடையும் குறைவு. வீட்டம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்: கழிப்பறை என்றால் பெட்ரோல் பங்க்தான், அடுத்தது எங்கே வரும் என்று சொல்ல முடியாது, கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் இரண்டு பாட்டில் கட்டாயம்.

கீழக்கரையில் இரண்டு விஷயம். ஒன்று, பழைய ஜும்மா பள்ளிவாசல். பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபத்தில் நிற்கிறோமோ என்று தோன்றும் கல் தூண்கள். அதே கல்தச்சர் மரபு, உருவங்களுக்குப் பதில் பூவும் கொடியும். தொழுகை நேரம் தவிர்த்து, வெளியே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். இன்னொன்று தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிளறும் கறுப்பு இனிப்பு. அல்வாவின் தம்பி மாதிரி தெரியும், ஆனால் நெய் வாசம் இல்லை, தேங்காய் எண்ணெய் தானாகக் கசிந்து விரலில் ஒட்டும். இலங்கையிலும் இதே பண்டம் உண்டு. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று வாதாடிக்கொண்டே சாப்பிடலாம். கால் கிலோ போதும், திகட்டும்.

சாயல்குடி தாண்டினால் பனை, பனை, பனை. மாசியிலிருந்து ஆனிக்குள் போனால் காலையில் சாலையோரம் பதநீர் கிடைக்கும். பனையோலையை மடித்துப் பட்டை செய்து அதில் ஊற்றுவார்கள். இரண்டு கையாலும் பிடித்து, ஓலையின் நுனியில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். முதல் தடவை பாதி சட்டையில்தான் போகும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது பதநீர், தடவாமல் விட்டால் கள். பதினோரு மணிக்கு மேல் விற்கும் பதநீரை நான் வாங்குவதில்லை.

குளத்தூர் நெருங்கினால் உப்பளங்கள் ஆரம்பிக்கும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், ஒவ்வொரு பாத்தியிலும் உவர்ப்பு ஏற ஏற நிறம் மாறும், கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கும். வாரிக் குவித்த அம்பாரத்தை வெயிலில் நேராகப் பார்க்க முடியாது, அவ்வளவு வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கண் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வேலை நடப்பது விடிகாலையில், நீங்கள் போகும் மதியத்தில் பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார்கள்.

தூத்துக்குடியில் அறை சுலபம். கோயில் ஊர் இல்லை, தொழில் ஊர். சுத்தமான அறை 1,000, 1,200-க்குக் கிடைக்கும். மாலையில் பனிமய மாதா பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1713-இல் கட்டியது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அப்போது போனால் அறைக் கணக்கு மாறிவிடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு துறைமுகக் கடற்கரை. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய ஊர் இது என்பதைத் தண்ணீரில் கால் நனைக்கும்போது நினைத்துக்கொள்ளலாம். இரவு புரோட்டா, சால்னா. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், கல்லில் தட்டும் சத்தம் எங்கே அதிகம் கேட்கிறதோ அங்கே உட்காருங்கள். ஊரே அங்கேதான் இருக்கும்.

மக்ரூன் வாங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரை பொங்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்துக் கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வேக வைப்பது. நல்ல மக்ரூன் கையில் எடுத்தால் எடையே தெரியாது. நுனியைக் கடித்தால் பொடிந்து, அடிப்பக்கம் வரும்போது முந்திரி பல்லில் லேசாக ஒட்டும். அதன் எதிரி ஈரக்காற்று. பாக்கெட்டைப் பிரித்துப் பையில் வைத்தால் கன்னியாகுமரி போவதற்குள் பசையாகிவிடும். அங்கேயே தின்ன 100 கிராம், வீட்டுக்கு என்றால் இறுக மூடும் டப்பா கொண்டுபோய் அதில்.

வியாழன் கொஞ்சம் நீண்ட நாள், ஆறு மணிக்குக் கிளம்புங்கள். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். கிழக்கே கடல் இருப்பதால் அங்கே ராஜகோபுரம் மேற்கில் நிற்கிறது. நாழிக்கிணற்றில் ஒரு வாளி ஊற்றிக்கொண்டு, பொது தரிசன வரிசையில் நின்று, வெளியே வந்து சில்லுக்கருப்பட்டி வாங்குங்கள். சுக்கு, ஏலக்காய் வாசத்தோடு இருக்கும். கருப்பட்டியே வேண்டுமானால் பக்கத்து உடன்குடிச் சரக்கு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது.

அங்கிருந்து கன்னியாகுமரிக்கு உள்நாட்டுச் சாலையைக் காட்டும் மேப்பை நம்பாதீர்கள். குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று கடலை ஒட்டிப் போகும் சாலைதான் நமக்கு. 90 கிலோமீட்டர்.

இந்த முழுச் சுற்றிலும் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் மணப்பாட்டைச் சொல்வேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். ஏறி நின்றால் ஒரு பக்கம் அலை பாறையில் மோதிக்கொண்டிருக்கும், மறுபக்கம் வளைந்த கரையில் படகுகள் வரிசையாக, அதற்குப் பின்னால் ஓடு வேய்ந்த பழைய வீடுகளும் இன்னும் இரண்டு கோயில் கோபுரங்களும். மேட்டின் சரிவில் கடலைப் பார்த்த குகை ஒன்று, 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியது. உள்ளே ஒரு கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். நாங்கள் போன அன்று அங்கே மொத்தம் ஏழு பேர்தான் இருந்தோம். டிக்கெட் இல்லை, பார்க்கிங் கட்டணம் இல்லை, பலூன் சுடும் கடை இல்லை. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். முந்தைய பயணத்தின் அமாவாசைக் கோபம் அங்கேதான் முழுசாகத் தீர்ந்தது என்று அவள் பிறகு சொன்னாள்.

உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலைப் பார்த்துவிட்டு நேராகக் கன்னியாகுமரி. வழியில் வட்டக்கோட்டை, திருவிதாங்கூர் காலத்துக் கடற்கோட்டை. மதில் மேல் நின்றால் காற்றாலைகளும் கடலும் ஒரே பார்வையில் வரும். அறை கடற்கரையை ஒட்டி அதிகம் சொன்னால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். 20 கிலோமீட்டரில் நாகர்கோவில் இருக்கிறது, அங்கே 1,200-க்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

வெள்ளி காலை சூரிய உதயம், அப்புறம் படகுத்துறை. எட்டு மணிக்குத் திறக்கும்போதே வரிசையில் இருந்தால் பத்து மணிக்குள் வேலை முடியும். விவேகானந்தர் பாறை 1970-லிருந்து இருக்கிறது, 133 அடி வள்ளுவர் 2000-ஆம் ஆண்டு முதல் நாளில் வந்தார், இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்தது. காற்று பலமாக இருந்தாலோ கடல் உள்வாங்கினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஆனால் வருத்தப்படாமல் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வண்டியைத் திருப்புங்கள். 35 கிலோமீட்டர், மரத்திலேயே இழைத்த வீடு, திங்கள் மட்டும் விடுமுறை. படகும் அரண்மனையும் ஒரே நாளில் செய்தால் மதுரைக்கு நள்ளிரவில்தான் வருவீர்கள். ஒன்றை விடுங்கள்.

திரும்பும் வழி நான்கு வழிச்சாலை, பைக்குக்கு டோல் கிடையாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைக் காடு. அங்கே பக்கவாட்டுக் காற்று பைக்கையே நகர்த்தும், 50-க்கு மேல் போக வேண்டாம். கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவிடம், கோவில்பட்டியில் கடலைமிட்டாய், சாத்தூரில் சேவு. இரவுச் சாப்பாட்டுக்கு விருதுநகர் பொரித்த புரோட்டா.

கணக்கு இதோ. இரண்டு பேரும் மூட்டையும் என்றால் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் 2,300. மூன்று இரவு அறை 3,600. சாப்பாடு ஆளுக்கு நாளுக்கு 350 வீதம் 2,800. படகு, தரிசனம், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1,000. தொதல், மக்ரூன், கருப்பட்டி, சேவுக்கு 800. இதில் நீங்கள் தாண்டத்தான் போகிறீர்கள். மிச்சம் 1,500 பஞ்சருக்கும் எதிர்பாராததற்கும், தொடாமல் தனியாக வையுங்கள். இருவரும் ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், லாட்ஜில் இருவருடையதையும் கேட்பார்கள்.

இன்னொன்று, பைக். கிளம்பும் முன் பின் டயரையும் செயினையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். சனிக்கிழமை காலை எழுந்ததும், நீங்கள் குளிப்பதற்கு முன் வண்டியைக் குளிப்பாட்டுங்கள். நல்ல தண்ணீரில் அடிப்பக்கம், ஸ்போக், சைலன்சர் எல்லாம் அலசி, துடைத்து, செயினுக்கு ஆயில் விடுங்கள். நான் முதல் தடவை அலுப்பில் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். தனுஷ்கோடி மணல் செயினில் இருந்தது, உப்பு எல்லா இடத்திலும் இருந்தது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற 1,800 ரூபாய் ஆனது.